உழைத்தால் அதிர்ஷ்டம் வருமா, இல்லை அது தன்பாட்டுக்கு வந்து போகிறதா?

வாழைத்தார் (கேள்வி)

வயது 29. ஊர் களக்காடு பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வாழை, பெரும்பாலும் ஏத்தன். 2019, 2022, 2024 என்று மூன்று தடவை குரூப் 4 எழுதிவிட்டேன். கடைசித் தடவை இரண்டே கேள்வியில் போனது. கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக மொத்தம் மூன்று மார்க்.

பாளையங்கோட்டை நூலகத்தில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். நான் எட்டு மணி நேரம் படித்தால் அவன் நான்கு மணி நேரம் படிப்பான், மிச்ச நேரம் டீக்கடை. 2022 தேர்விலேயே அவனுக்குக் கிடைத்துவிட்டது. "எனக்கு நேரம் நல்லா இருந்துச்சு மக்கா" என்று அவனே சொல்கிறான். அம்மா சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு போடுகிறாள். மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உழைச்சா அதிர்ஷ்டம் தானா வரும்லே" என்கிறார். அவருக்கு அவர் அப்பா எழுதி வைத்த ரைஸ்மில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தயவுசெய்து யாரும் குறள் எழுத வேண்டாம். முயற்சி கூலி தரும் என்கிற 619-ம் தெரியும், ஊழைவிட வலியது எது என்று கேட்கிற 380-ம் தெரியும். தேர்வுக்காக உருப்போட்டவன்தான் நான். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறார் என்பதுதான் என் பிரச்சினையே.

உங்கள் வாழ்க்கையில் உழைப்பால் அதிர்ஷ்டம் வந்த கதை உண்மையிலேயே இருந்தால் சொல்லுங்கள். நான்காவது தடவை எழுதவா, இல்லை வாழை மண்டியில் கணக்கு எழுதப் போகவா என்று முடிவு செய்ய வேண்டும்.

சாரல்காற்று

செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு. அங்கே கேரளா லாட்டரி விற்கிறார்கள். எட்டு மணி நேரப் படிப்பெல்லாம் வேண்டாம், பஸ்ஸுக்குக் காசு இருந்தால் போதும். கோபித்துக்கொள்ளாதீர்கள் நண்பரே, நானும் இரண்டு தடவை எழுதி விட்டவன்தான்.

கோப்பு எண் 1

நான் 2022 தேர்வில் வந்தவள், இப்போது இளநிலை உதவியாளர். அதனால் உள்ளே இருப்பவளாகச் சொல்கிறேன்.

அந்த வருடம் முதலில் அறிவித்தது 7301 இடம். பதினெட்டு லட்சம் பேருக்கு மேல் எழுதினோம். ஜூலையில் எழுதிய தேர்வுக்கு அடுத்த மார்ச்சில்தான் முடிவு வந்தது. நடுவில் இடங்கள் கூடிக்கூடிப் பத்தாயிரத்தைத் தாண்டின. என் ரேங்குக்கு 7301 மட்டும் என்றால் எனக்கு இந்த நாற்காலி கிடையாது. இடம் கூடியதற்கும் என் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை என் வீட்டில் சொன்னால் "வாயை மூடு, நீ படிச்சுத்தான் வந்தே" என்கிறார்கள். படித்ததால்தான் அந்த ஓரத்தில் நின்றேன், அது சரி. ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துப் போட்டது வேறு கை.

நீங்கள் எழுதிய 2024-லும் 6244 என்று தொடங்கி 9491 வரை கூட்டினார்கள். அப்படியும் இரண்டு கேள்வியில் விட்டிருக்கிறீர்கள் என்றால், வருத்தம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று தேர்விலும் எந்தப் பகுதியில் மார்க் போனது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? விடைத்தாள் நகலைத் தேர்வாணையமே இணையத்தில் போடுகிறது. இறக்கிப் பார்த்தீர்களா?

ஆலங்குளம் மோட்டார்

தம்பி, நான் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆலங்குளத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை, 1995-லிருந்து. இப்போது தென்காசி மாவட்டம் என்கிறார்கள். எங்களுக்கு எப்போதும் திருநெல்வேலிச் சீமைதான்.

கதை கேட்டாய், சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

ஒன்பதாவதில் பெயிலாகி, பதினைந்து வயதில் நெல்லை டவுனில் ஒரு வைண்டிங் கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரே சோலிதான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக்கம்பியைக் கருக்கி உருவுவது. உருவும்போது எத்தனை சுற்று என்று எண்ணி மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். ஒரு சுற்று பிசகினாலும் புதுக் காயில், அதாவது சுற்றிக் கட்டிய கம்பிச்சுருள், சூடேறும். ஒருநாள் நான் தப்பாகச் சொல்லி, கட்டி முடித்த மோட்டார் மறுநாளே புகைந்து திரும்பி வந்தது. அன்றைக்கு வாங்கிய அடியில்தான் நோட்டுப் போட்டேன். எத்தனை எச்.பி., எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்தக் கம்பெனி, ஸ்டாரா டெல்டாவா, எல்லாம். கூட இருந்தவர்கள் "வக்கீல் குமாஸ்தா வந்துட்டான்" என்று கேலி செய்வார்கள். இப்போது நோட்டு இருபத்துமூன்று இருக்கிறது.

அதில் பாதிக்கு மேல் நான் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை ரொம்ப அழகாகப் போய்விடும். முதல் ஐந்து நோட்டால் எனக்கு நையாப்பைசா பிரயோசனம் கிடையாது.

ஆறாவது நோட்டுக்கு வருகிறேன். 1997-ல் கயத்தாறு பக்கக் காற்றாலை ஒன்றின் மோட்டாரை ஒரு காண்டிராக்டர் கொண்டுவந்தார். காற்று திசை மாறினால் மேலே இருக்கிற மண்டையும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் அல்லவா, அதைத் திருப்புகிற மோட்டார். வெளிநாட்டுச் சரக்கு, உள்ளேயே பிரேக் வைத்தது. நம் கிணற்று மோட்டார் மாதிரி இல்லை. நான்கு நாள் மல்லுக்கட்டிச் செய்து கொடுத்தேன். காசு தரவில்லை. பத்துத் தடவை அலைந்தேன், பிறகு ஆளையே காணோம். கம்பிக்குப் போட்ட காசும் போச்சு. வீட்டில் அந்த மாதம் சண்டை. கணக்கு மட்டும் நோட்டில் இருந்தது.

2009 ஜூன். நல்ல காற்றுக் காலம். காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் அறுவடை, ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். ஊத்துமலைப் பக்கமிருந்து ஒரு ஜீப், பின்னால் எரிந்த மோட்டார். தென்காசியில் இரண்டு கடையில் முடியாது என்றுவிட்டார்களாம். காரணம், வேறெங்கோ ஒருத்தன் பழைய காயிலை எண்ணாமல் அறுத்து எறிந்துவிட்டான். கணக்கு இல்லாமல் கட்டினால் எரியும், யார் கைவைப்பார்கள்? திருநெல்வேலிக்குப் போகிற வழியில் ஆலங்குளத்தில் டீக்குடிக்க நின்றிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் ஜீப்பில் கிடந்ததைப் பார்த்து, "பின்னாலே நம்ம அண்ணாச்சி கடை இருக்கு, கேட்டுப் பாருங்க" என்றிருக்கிறார்.

தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே அளவு. உள்ளே போய் ஆறாவது நோட்டை எடுத்தேன். எலி ஓரத்தைக் கடித்திருந்தது, எண்ணைக் கடிக்கவில்லை.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டி, வார்னிஷ் ஊற்றி, குண்டு பல்பு போட்டுச் சூட்டில் காயவைத்து, மறுநாள் சாயங்காலம் ஓட்டிக் காட்டினேன். மூன்று லைனிலும் ஆம்பியர் ஒன்றுபோல் நின்றது. அந்த இன்ஜினியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் காற்று ஓய்ந்த மாதங்களில் காற்றாலை மோட்டார் என் கடைக்குத்தான் வருகிறது. என் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தது அந்த மோட்டார்தான். ஊரில் "அண்ணாச்சிக்கு ஒரே ராத்திரியிலே அதிர்ஷ்டம்" என்றார்கள்.

இப்போது நீயே கணக்குப் போடு. நோட்டு என் உழைப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஜீப் டீக்குடிக்க நின்றது? அதை நான் உழைத்து நிறுத்தவில்லை. பாவூர்சத்திரத்திலேயே குடித்திருந்தால் என் கதை வேறு. டீக்கடைக்காரர் சொன்னது இருக்கிறதே, அது பாதிப்பாதி. 2003 வறட்சியில் அவர் கிணற்று மோட்டாரை ராத்திரி பதினொரு மணிக்குப் போய்ச் சரிசெய்து கொடுத்தேன், காசு பிறகு தாருங்கள் என்று. அதை மனதில் வைத்துச் சொன்னாரோ, சும்மா சொன்னாரோ. நான் கேட்கவில்லை, அவரும் இப்போது இல்லை.

என்னோடு அதே டவுன் கடையில் வேலை படித்தவன் ஒருவன், என்னைவிடக் கை சுத்தம். அவன் கட்டிய காயிலைப் பார்த்தால் பூக்கட்டினது மாதிரி இருக்கும். வீரவநல்லூரில் கடை போட்டான், மாமனார் ஊர் என்று. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிற ஊரில் எத்தனை பேருக்கு மோட்டார் எரியும்? ஆலங்குளத்தில் நாங்கள் பாறையை உடைத்துக் கிணறு தோண்டி மோட்டாரை நம்பி வெண்டையும் தக்காளியும் வைப்பவர்கள். அவன் காலை ஆறு மணிக்குக் கடை திறப்பான். ஏழு வருடம் திறந்தான். பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டான். அவன் உழைக்கவில்லை என்று எவனாவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

லாட்டரி என்று எழுதிய தம்பிக்கும் ஒன்று. அவர் விளையாட்டுக்குச் சொன்னார், ஆனால் என் கடையில் வேலை பார்த்த பையன் பதினொரு வருடம் வாரம் தவறாமல் ஆள் விட்டு அந்தச் சீட்டு வாங்கினான். நம் பக்கம் 2003-லேயே தடை போட்டாச்சு, அவன் விடவில்லை. விடாமுயற்சி என்றால் அதுவும் விடாமுயற்சிதானே? போன வாரச் சீட்டு இந்த வாரச் சீட்டுக்கு ஒன்றும் சொல்லித் தராது. கிழித்துப் போட்டால் போச்சு. என் மோட்டார் அப்படி இல்லை. காசு தராமல் ஓடினவன் மோட்டார்கூட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

அதனால் நாலாவது தடவை எழுதலாமா என்று என்னைக் கேட்காதே. அந்த அம்மா கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். மூன்று தடவை எழுதினாயே, உன் நோட்டில் என்ன இருக்கிறது?

முக்கூடல்காரி

அண்ணாச்சி எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பன்னிரண்டு வயதில் பீடி சுற்ற மடியில் சுளகை வைத்தவள். இலையை நனைத்து, கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. கல்யாணத்துக்கு முந்தின நாளும் சுற்றினாள். நான் பிறந்து பதினைந்தாம் நாள் சுற்றினாள். கடையில் எண்ணும்போது இலை சரியில்லை, நூல் சரியில்லை என்று ஒரு கையளவு கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. கழித்த பீடியைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். நாற்பத்தெட்டு வருடம். இப்போது பென்ஷன் மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றிய கைக்கு ஒரு மாதத்துக்கு ஆயிரம்.

அவளுக்கு எந்த ஜீப் வந்து டீக்குடிக்க நின்றது? நோட்டுப் போட்டால் என்ன எழுதுவாள், இன்றைக்கு ஆயிரம், நேற்றைக்கு ஆயிரம் என்றா? சில வேலைகளுக்கு அதிர்ஷ்டம் வருகிற பாதையே கிடையாது. உழைத்தால் வரும் என்று சொல்பவர்கள் ஒரு தடவை எங்கள் தெருவில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

ஆலங்குளம் மோட்டார்

தாயி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அக்காவும் பீடி சுற்றினவள்தான். அதை எழுதாமல் விட்டது என் தப்பு. நான் நோட்டுப் போட்ட காலத்தில் வீட்டில் உலை வைத்தது அவள் சுற்றிய பீடிதான். டவுன் கடையில் முதல் இரண்டு வருடம் எனக்குச் சம்பளமே கிடையாது, பஸ்ஸுக்கும் மதியச் சோற்றுக்கும் மட்டும்தான் கொடுப்பார்கள். அவள் இல்லாவிட்டால் நானும் ஆறு மாதத்தில் ஏதாவது ஓட்டலில் எச்சில் இலை எடுக்கப் போயிருப்பேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். தாமிரபரணிக் கரையில் இருந்த மோட்டாரெல்லாம் சகதியில் முங்கிவிட்டது. உங்கள் முக்கூடலிலிருந்து லோடு ஆட்டோவில் அடுக்கிக் கொண்டுவந்தார்கள். காயாமல் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள் என்று வாட்ஸ்ஆப்பில் கத்திக்கொண்டே ஒரு மாதத்துக்கு மேல் ராப்பகலாக வேலை பார்த்தேன். அப்போதும் ஒருத்தன் கடைவாசலில் நின்று "வெள்ளம் அண்ணாச்சிக்கு யோகம்" என்றான். எதிரே வாழை மொத்தமும் சாய்ந்துபோன சம்சாரி நிற்கிறார். எனக்குக் கையிலிருந்த ஸ்பானரை எறியலாம் போல இருந்தது. அந்தப் பாக்கியில் பாதி இன்னும் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

கோப்பு எண் 1

முக்கூடல் அக்கா, உங்கள் பதிலை அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன்.

வாழைத்தார், ஆளைக் காணோமே?

வாழைத்தார்

இங்கேதான் இருக்கிறேன். இரண்டு நாளாக ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் ஒன்றும் இல்லை அண்ணாச்சி. கட்டுக்கட்டாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன், எல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதினது. நான் எங்கே தப்பு விட்டேன் என்று ஒரு பக்கம்கூட இல்லை. 2024 விடைத்தாள் நகலையும், மற்ற இரண்டு தேர்வுக்கும் கேள்வித்தாளில் நான் குறித்து வைத்திருந்ததையும் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். கணக்குப் பகுதி மொத்தம் 25 கேள்வி. 2019-ல் 12 சரி, 2022-ல் 13, 2024-ல் 13. ஐந்து வருடத்தில் ஒரே ஒரு கேள்வி முன்னேறியிருக்கிறேன். அதிலும் வேலை-நாள் கணக்கு, கூட்டுவட்டி, இரண்டும் மூன்று தடவையும் தப்பு. எனக்குக் கணக்கு பிடிக்காது, அதனால் தமிழையே திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன். தமிழில் ஏற்கெனவே 93 எடுக்கிறவன் இன்னும் எட்டு மணி நேரம் தமிழ் படித்தால் எங்கே ஏறும்?

டீக்கடைக்குப் போன நண்பனிடம் நேற்று போன் போட்டுக் கேட்டேன். "டீக்கடையிலே நான் என்னலே பண்ணினேன்னு நினைச்சே? அந்த மேத்ஸ் டியூஷன் சார்வாள் அங்கதானே பேப்பர் படிக்க வருவாரு, அவருகிட்ட தினம் ரெண்டு கணக்கு கேப்பேன்" என்றான். நான்கு வருடமாக அவனுக்கு நேரம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முக்கூடல் அக்கா சொன்னதற்கு நானும் பதில் சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் நூலகத்தில் உட்கார எனக்கு வாழைத்தோட்டம் காசு கொடுத்தது. அப்பாவுக்கு அந்த எட்டு மணி நேரம் தோட்டத்தில்.

மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்துவிட்டேன், காலை நான்கு மணியிலிருந்து பத்து வரை. மிச்ச நேரம் படிப்பு, கணக்கு மட்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேர்வு எழுதுவேனா என்பதை அந்த நோட்டு நிறைகிறபோது பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, ஒரு சின்ன விஷயம். அப்பாவின் 5 எச்.பி. மோட்டார் நேற்றிலிருந்து சுவிட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் கொண்டுவரட்டுமா?

ஆலங்குளம் மோட்டார்

உறுமிக்கொண்டு சுற்றாவிட்டால் பெரும்பாலும் மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை. திரும்பத் திரும்ப சுவிட்சைப் போடாதே, காயில் எரிந்துவிடும். மெயினை அணைத்துவிட்டு முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல். தெரியாவிட்டால் உள்ளூர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு, நீயே கைவைக்காதே. ஃபியூஸ் போட்டும் சுற்றவில்லை என்றால் மட்டும் கொண்டுவா. அதைப் பார்க்காமல் களக்காட்டிலிருந்து இவ்வளவு தூரம் ஆட்டோ வாடகை கொடுத்து வர வேண்டாம், அது வீணாகப் போகும்.

பெயர்த்தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. நோட்டில் இருக்கிறதா பார்க்கிறேன்.